தூளியை விட்டு இறங்க மறுக்கும் ஏழு மாதக் குட்டி: கட்டிலுக்கு மாற்றுவது எப்படி?

கொடிமுல்லை (வேளச்சேரி)
வணக்கம் தோழிகளே. மகளுக்கு ஏழு மாதம் முடியப்போகிறது. பிரசவத்துக்குப் பிறகு அம்மா வீட்டில், உடுமலையில் இருந்தேன். அங்கே உத்திரத்தில் தூளி கட்டி, அம்மா, பாட்டி, சித்தி என்று ஆள் மாற்றி ஆள் ஆட்டியதால் எனக்கு ஒன்றும் தெரியவில்லை. சென்னைக்கு வந்த பிறகுதான் தூக்கம் என்றால் என்னவென்றே மறந்துவிட்டது. வாடகை வீடு. கூரையில் கொக்கி போடக் கூடாது என்று ஹவுஸ் ஓனர் கறாராகச் சொல்லிவிட்டார். இரும்பு ஸ்டாண்டும் ஸ்ப்ரிங் தொட்டிலும் வாங்கினோம்.

ராத்திரி ஸ்டாண்டைக் கட்டில் ஓரமாக இழுத்துப் போட்டு, தொட்டில் கயிற்றின் முனையைக் கால் கட்டைவிரலில் சுற்றிக்கொண்டு படுக்கிறேன். நான் கண் அசந்து கால் நின்றால் அடுத்த நிமிடம் சிணுங்கல். நன்றாகத் தூங்கிவிட்டாள் என்று தூக்கிக் கட்டிலில் போட்டால் வீல் என்று ஒரு கத்தல், மறுபடி தொட்டில். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இதே கதை. 26 வார விடுப்பு முடிந்து, சம்பளமில்லா விடுப்பில் ஓடிக்கொண்டிருக்கிறது. அடுத்த மாதம் வேலைக்குப் போயாக வேண்டும்.

தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தி அழவிடும் முறை எனக்கு ஒத்துவராது, அதை மட்டும் சொல்லாதீர்கள். வேறு வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

மழைக்காகிதம்
அந்தக் கால் கட்டைவிரல் கயிறு! எங்கள் வீட்டில் அது என் கணவரின் கால். துணைக்கு ஆள் இருக்கிறது என்று சொல்ல வந்தேன், தீர்வு கைவசம் இல்லை. இழையைத் தொடர்கிறேன்.

சீதாப்பழம் (மதுரை)
உரம் விழுந்திருக்கும் கொடி, சுளுக்கு மாதிரி. அவ்வப்போது வீல் என்று கத்துவது அதனால்தான். தெரிந்த பாட்டி யாராவது இருந்தால் சேலையில் போட்டு உருட்டி உரம் எடுக்கச் சொல்லுங்கள். வசம்பைச் சுட்டு, உரசித் தேனில் குழைத்து நாக்கில் தடவினால் வயிற்று உப்புசமும் போகும், பிள்ளையும் தூங்கும்.

வெள்ளைக்குடை (திருச்சி)
சீதாப்பழம் அக்கா கோபித்துக்கொள்ளக் கூடாது. பச்சிளம் குழந்தைகள் வார்டில் செவிலியராக இருக்கிறேன், அந்த உரிமையில் சொல்கிறேன். ஒரு வயதுக்கு முன் தேன் வேண்டவே வேண்டாம். சின்னக் குழந்தையின் குடலில் பொட்டுலிசம் என்ற நோயை உண்டாக்கும் கிருமி வளர்ந்து தசைகளையே தளரவைக்கும் ஆபத்து அதில் இருக்கிறது. வசம்பும் உள்ளுக்கு வேண்டாம். கையில் வசம்பு வளையல் போட்டால்கூட அது கழன்று வாய்க்குள் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சேலையில் உருட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கையையோ காலையோ அசைத்தால் அழுகிறது, ஒரு பக்கத்தை அசைக்கவே மாட்டேன் என்கிறது என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

கொடி, உங்கள் குழந்தைக்கு இருப்பது நோய் மாதிரித் தெரியவில்லை. தூக்கம் ஒரே நீட்டாக ஓடுவது இல்லை. பெரியவர்களுக்குச் சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு சுற்று, இந்த வயதுக் குழந்தைக்கு ஏறக்குறைய 50 முதல் 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் லேசாக விழிப்பு வரும். நாமும் விழிக்கிறோம், புரண்டு படுத்துவிடுவதால் காலையில் ஞாபகம் இருப்பதில்லை. உங்கள் மகள் கண் சொக்கும்போது தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது. விழிக்கும்போது ஆடவில்லை. ‘என்னடா மாறிப்போச்சு’ என்று கூப்பிடுகிறாள். நீங்கள் சொன்ன ஒரு மணி நேரக் கணக்கு இதோடு அப்படியே பொருந்துகிறது.

அதனால் நடு ராத்திரி என்ன செய்வது என்பதைவிட, முதலில் எந்த நிலையில் தூங்க ஆரம்பிக்கிறாள் என்பதைத்தான் மாற்ற வேண்டும். அதற்கு முன் சில கேள்விகள். பகலில் எத்தனை தூக்கம்? மாலைத் தூக்கம் எத்தனை மணிக்கு முடிகிறது? ராத்திரி எப்போது படுக்கப் போடுகிறீர்கள்? குறட்டை, வாயால் மூச்சு விடுவது, எடை ஏறாமல் இருப்பது ஏதாவது உண்டா?

நெல்லை_ஆச்சி
தூளியைக் குற்றம் சொல்ல எல்லாரும் கிளம்பிவிட்டீர்களா? நாலு பிள்ளை, ஏழு பேரப்பிள்ளை, எல்லாம் தூளியில் வளர்ந்ததுதான்.

ஆனால் கட்டத் தெரிந்து கட்ட வேண்டும். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆன பருத்திச் சேலைதான் வேண்டும். இந்தக் காலத்து வழுக்குகிற சேலையில் முடிச்சு நிற்காது, காற்றும் போகாது. முடிச்சுக்குக் கீழே தொட்டில் கட்டையைக் குறுக்கே கொடுத்துச் சேலையை விரித்துவிட வேண்டும். கட்டை இல்லாவிட்டால் இரண்டு பக்கத் துணியும் மூடிக்கொண்டு பிள்ளை முகத்தில் விழும். தரையிலிருந்து ஒரு முழம் உயரம் போதும், அடியில் ஒரு ஜமக்காளத்தை மடித்துப் போட்டுவிடு. தினமும் ஒருதரம் கயிறையும் கொக்கியையும் இழுத்துப் பார்க்க வேண்டும். பெரிய பிள்ளையைத் தூளியில் ஏற விடவே கூடாது.

ஸ்ப்ரிங் மேலும் கீழும் குதிக்கும். தூளி பக்கவாட்டில் ஆடும். இரண்டும் ஒன்று இல்லை, கொடி. பிள்ளைக்கு ஆட்டமே மாறிப்போச்சு, அது கத்தத்தான் செய்யும்.

டல்லாஸ்_அப்பா
ஆச்சி சொன்னதில் கட்டை விஷயம் நல்ல விவரம். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இங்கே குழந்தை மருத்துவர்கள் தூளி என்றாலே வேண்டவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிடுகிறார்கள். தட்டையான, கெட்டியான படுக்கை, மல்லாக்கப் போடுவது, தலையணை, போர்வை, பொம்மை எதுவும் பக்கத்தில் இல்லாமல் இருப்பது, இதுதான் அவர்கள் பாடம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992இல் மல்லாக்கவோ பக்கவாட்டிலோ போடச் சொன்னது, பிறகு மல்லாக்க மட்டும் என்று மாற்றியது. 1994இல் நாடு முழுக்கப் பிரசாரம் நடந்தது. தூக்கத்தில் காரணம் தெரியாமல் நேரும் சிசு மரணங்கள் அடுத்த பத்தாண்டுக்குள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 2022இல் 10 டிகிரிக்கு மேல் சாய்ந்த குழந்தைப் படுக்கைகளை விற்கவே சட்டம் போட்டுத் தடுத்துவிட்டார்கள். கட்டிலைச் சுற்றிக் கட்டும் பஞ்சு மெத்தைத் தடுப்புக்கும் அதே கதி.

நெல்லை_ஆச்சி
தம்பி, அமெரிக்காவில் சாய்ந்த படுக்கையைத் தடுத்தார்கள், சரி. நான் கேட்பது வேறு. ராத்திரி பூராவும் ஒருத்தர் பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுகிற தூளியும், பிள்ளையைத் தனி அறையில் போட்டுக் கதவைச் சாத்தின பிறகு கிடக்கிற படுக்கையும் ஒன்றா?

வெள்ளைக்குடை (திருச்சி)
ஆச்சி கேட்டதில் பாதி நியாயம் இருக்கிறது. பார்த்துக்கொண்டே இருக்கும் ஆள் பெரிய பாதுகாப்பு. அந்த அமெரிக்கச் சங்கமே குறைந்தது ஆறு மாதம் பெற்றோர் அறையிலேயே குழந்தை தூங்க வேண்டும் என்றுதான் சொல்கிறது. தனி அறை என்று யாரும் வற்புறுத்தவில்லை. மீதிப் பாதியில்தான் எனக்கு உடன்பாடு இல்லை.

தூளியின் வளைவில் பிறந்த குழந்தையின் தாடை நெஞ்சில் போய் முட்டலாம். கழுத்து நிற்காத வயதில் அது மூச்சுப் பாதையை மடக்கிவிடும். சரி, கொடியின் குழந்தைக்குக் கழுத்து நின்றுவிட்டது. ஆனால் இந்த வயதுக்கு வேறு ஆபத்து. புரளும், குப்புற விழும், சேலையைப் பிடித்து எழும்பப் பார்க்கும். சேலையில் புரண்டால் முகம் துணியில் புதையும், கெட்டியான படுக்கையில் புரண்டால் தலையைத் திருப்பிக்கொள்ளும். இன்னும் கொஞ்சம் வளர்ந்த பிள்ளைகள் தூளியில் சுற்றி விளையாடிக் கழுத்து இறுகி இறந்த செய்திகளை நம் ஊர்ப் பத்திரிகைகளிலேயே படித்திருக்கிறோம். புரள ஆரம்பித்துவிட்டால் தூளிக்கு விடைகொடுக்கும் நேரம் என்பது என் கருத்து. எங்கள் வார்டில் எல்லா அம்மாக்களிடமும் இதைத்தான் சொல்கிறேன்.

கொடிமுல்லை (வேளச்சேரி)
போன வாரம் எழுந்து சேலை விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தாள். எல்லாரும் கைதட்டினோம்! இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது.

வெள்ளைக்குடை அக்கா, உங்கள் கேள்விகளுக்குப் பதில். குறட்டை இல்லை, எடை நன்றாக ஏறுகிறது. காலை ஒன்பதரைக்கு ஒரு தூக்கம், மதியம் ஒன்று. மாலை ஐந்தரைக்குத் தூங்கி ஏழு மணி வரை. அப்புறம் அவள் அப்பா ஒன்பதரைக்கு வருவார். வந்ததும் தூக்கிப் போட்டுப் பிடிப்பது, கிச்சுகிச்சு, சிரிப்புச் சத்தம். பதினொன்றுக்குத்தான் படுக்கை. அப்பாவைப் பார்க்க அவளுக்கு வேறு நேரமே கிடையாது, அதனால் நானும் தடுப்பதில்லை.

வெள்ளைக்குடை (திருச்சி)
பாதி விடை இதிலேயே இருக்கிறது. 4 முதல் 11 மாதக் குழந்தைக்குப் பகலும் இரவும் சேர்த்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டி சொல்கிறது. உங்கள் மகள் ஏழு மணி வரை தூங்கி எழுந்தால் எட்டரைக்கு எப்படித் தூக்கம் வரும்? பதினொன்றுக்குப் போடும்போதோ களைப்பு எல்லை மீறியிருக்கும். அளவுக்கு மீறிக் களைத்த குழந்தை சீக்கிரம் தூங்கும் என்று நினைக்கிறோம், ஆனால் முறுக்கிக்கொண்டு அழும், அடிக்கடி விழிக்கும்.

மாலைத் தூக்கத்தை ஐந்து மணிக்குள் முடியுங்கள், அரை மணி போதும். படுக்கை நேரத்தைச் சில நாளுக்கு ஒருமுறை கால் மணி முன்னால் நகர்த்தி எட்டு, எட்டரைக்குக் கொண்டுவாருங்கள். ஏழு மணிக்கு மேல் டியூப் லைட்டை அணைத்துவிட்டுச் சின்ன விளக்கு. வெதுவெதுப்பான தண்ணீரில் உடம்பு துடைத்து, சட்டை மாற்றி, பால், அப்புறம் தாலாட்டு. தினமும் அதே வரிசை. வரிசை மாறாமல் இருப்பதுதான் முக்கியம், எதைச் செய்கிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. சாம்பிராணிப் புகை மட்டும் வேண்டாம், சின்ன நுரையீரலுக்கு அது ஆகாது.

அப்பாவுக்குக் காலை நேரத்தைக் கொடுங்கள். எட்டரைக்குத் தூங்கியவள் ஆறு ஆறரைக்கு எழுந்துவிடுவாள். குளிப்பாட்டுவது அவர் வேலை.

தூத்துக்குடி_மச்சான்
ராத்திரி சளி சிரப் ஒரு மில்லி விட்டால் எல்லாரும் தூங்கலாமே. எங்கள் மாமா பையனுக்குக் கொடுத்தார்கள், அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினான்.

வெள்ளைக்குடை (திருச்சி)
மச்சான், விளையாட்டுக்குக்கூட இதை எழுதாதீர்கள், யாராவது நம்பிவிடுவார்கள். குளோர்பெனிரமைனும் ஃபினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று லேபிளில் அச்சிடச் சொல்லி மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவு போட்டது. அந்த மருந்தில் வருவது தூக்கம் இல்லை, மயக்கம். மூச்சே மந்தமாகலாம்.

தூத்துக்குடி_மச்சான்
சரி அக்கா, வாபஸ்.

யாழினி_ரொறன்ரோ
தங்கச்சி கொடி, எங்கட வீட்டில் மூத்தவனும் ஏணையில், அதாவது உங்கட தூளியில்தான் கிடந்தான். அம்மம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து நின்றபோது கட்டிப் பழக்கினவா. அவ திரும்பிப் போனதும் நாங்கள் இரண்டு பேரும் படாதபாடு பட்டோம்.

நான் முதலில் இடத்தை மாற்றவில்லை, ஆட்டத்தை மட்டும் குறைத்தேன். வழமையாகக் கண் மூடும் வரை ஆட்டுவேன். பிறகு கண் மூடுவதற்குக் கொஞ்சம் முந்தியே நிற்பாட்டி, ஏணைக்கு வெளியே இருந்து நெஞ்சில் கை வைத்துத் தட்டிக் கொடுத்தேன். சிணுங்கினால் இரண்டு ஆட்டு, பிறகு நிற்பாட்டு. ஆடாத ஏணையில் தட்டலோடு நித்திரையாகத் தொடங்கின பிறகுதான் கட்டிலுக்கு மாற்றினேன். ஒரே இரவில் ஆட்டத்தையும் இடத்தையும் பறித்திருந்தால் பிள்ளை தாங்கியிருக்க மாட்டான்.

இன்னொன்று. அந்த ஏணைச் சேலையையே மெத்தைக்கு விரிப்பாகப் போட்டேன், நாலு பக்கமும் இழுத்து அடியில் இறுக்கிச் செருகி, ஒரு சுருக்கம்கூட இல்லாமல். மணம் பழகின மணம்தானே. சேலையைச் சும்மா பக்கத்தில் சுருட்டி வைக்க வேண்டாம், முகத்தை மூடிவிடும்.

கொடிமுல்லை (வேளச்சேரி)
யாழினி அக்கா, இது நல்ல யோசனை. ஆனால் தூங்கியபின் தூக்கிக் கட்டிலில் போடும்போது எழுவதற்கு என்ன வழி? அதுதான் என்னைக் கொல்கிறது.

டல்லாஸ்_அப்பா
இதற்கு ஜப்பானியர்கள் ஒரு வழி சொல்கிறார்கள். ரிக்கென் ஆய்வு நிறுவனத்தார் குழந்தைகளின் இதயத் துடிப்பை அளந்து பார்த்து 2022இல் வெளியிட்டது. அழும் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு 5 நிமிடம் நிற்காமல் நடக்க வேண்டும், திடீர்த் திருப்பம் இல்லாமல். தூங்கியதும் உடனே படுக்கப் போடக் கூடாது, தூக்கிக்கொண்டே 5 முதல் 8 நிமிடம் உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் மெதுவாகக் கீழே.

முதுகு மெத்தையில் படும்போதுதான் குழந்தை எழுகிறது என்று நாம் நினைக்கிறோம் அல்லவா? அம்மா உடம்பிலிருந்து விலகத் தொடங்கும்போதே துடிப்பு மாறத் தொடங்கிவிடுகிறதாம். அதனால் நான் குனிந்து, என் நெஞ்சோடு ஒட்டியபடியே கட்டில் வரை கொண்டுபோய், முதலில் பின்பக்கம், அப்புறம் முதுகு, கடைசியில் தலை என்று இறக்குவேன். கையை உடனே உருவாமல் கொஞ்ச நேரம் நெஞ்சில் வைத்திருப்பேன். என் முதுகு போனது வேறு கதை.

வெள்ளைக்குடை (திருச்சி)
நல்ல உத்தி, அழுகை முற்றிய நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தினமும் இதையே செய்தால் தொட்டில் போய் உங்கள் தோள் வந்துவிடும். யாழினி சொன்னபடி, அரைத் தூக்கத்தில் கட்டிலில் போட்டு, அங்கேயே கண் மூடவைப்பதுதான் நீடிக்கும். அழுதால் தூக்குங்கள், சமாதானம் ஆனதும் மறுபடி படுக்கையில். அழவிட வேண்டிய தேவையே இல்லை. கொஞ்ச நாள் பொறுமை வேண்டும்.

ராத்திரிச் சிணுங்கலுக்கு உடனே பாயாதீர்கள். தூக்கத்திலேயே முனகும், காலை உதைக்கும், கண்ணைக்கூடத் திறக்கும். அரை நிமிடம் கவனித்தால் சில நேரம் தானாக அடங்கும். உண்மையில் பசித்தால் கொடுங்கள், ஏழு மாதத்தில் இரவில் ஓரிரு முறை பால் குடிப்பது இயல்பு. விளக்கைப் போடாமல், பேச்சுக் கொடுக்காமல் கொடுங்கள். ஏப்பம் விடவைத்துப் படுக்கப் போடுங்கள்.

மழைக்காகிதம்
ராத்திரி கெட்டியாக ராகிக் கஞ்சி கொடுத்தால் விடிய விடியத் தூங்கும் என்று என் மாமியார் சொல்கிறார். உண்மையா?

வெள்ளைக்குடை (திருச்சி)
ஆறு மாதம் முடிந்த குழந்தைக்கு ராகி நல்ல உணவு, தாராளமாகக் கொடுங்கள். தூக்கத்துக்கான மருந்தாக அதை எண்ண வேண்டாம். படுக்கப் போகும் நேரத்தில் வயிறு முட்டக் கொடுத்தால் எதிர்க்களித்துக்கொண்டு எழுவதுதான் நடக்கும். மாலை ஆறரைக்குக் கொடுக்கலாம்.

நெல்லை_ஆச்சி
கொடி, கட்டில் என்று சொல்கிறாய், எந்தக் கட்டில்? உயரமான கட்டிலில் புரளுகிற பிள்ளையைப் போடாதே. சுற்றித் தலையணை அணை கட்டுவதும் வேண்டாம், அதில் முகம் போய்ப் புதையும். தரையில் கெட்டி மெத்தையைப் போட்டுக் கொசுவலை விரி. என் கடைசிப் பேத்தி அரசு ஆஸ்பத்திரியில் பிறந்தாள். அங்கே கொடுத்த பரிசுப் பெட்டகத்தில் குட்டிப் படுக்கையும் வலையும் இருந்தன. அதில்தான் கிடந்தாள். சுவருக்கும் மெத்தைக்கும் நடுவில் சந்து விடாதே.

கொடிமுல்லை (வேளச்சேரி)
எல்லாருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து வந்து நிலவரம் சொல்கிறேன்.

முதல் வேலையாகத் தரைக்கு இறங்கிவிட்டோம். கெட்டி மெத்தை, யாழினி அக்கா சொன்னபடி பழைய சேலை இறுக்கிய விரிப்பு. அவள் அப்பாவிடம் ராத்திரி விளையாட்டு கிடையாது என்று சொன்னபோது முகம் வாடிவிட்டது. இப்போது காலையில் குளிப்பாட்டுவது அவர்தான். தாலாட்டும் அவர் பங்குக்கு, சுருதி மட்டும் கேட்காதீர்கள். படுக்கை நேரம் எட்டே முக்காலுக்கு வந்திருக்கிறது.

முழு வெற்றி என்று சொல்ல முடியாது. தொடக்கத்தில் விடாமல் அழுதாள், நானும் கூடவே அழுதேன். தூக்கி, தட்டி, மறுபடி போட்டு, கை மரத்துப்போகும். ஆட்டத்தைக் குறைத்த பிறகு மாற்றியதில் வித்தியாசம் தெரிந்தது. இப்போது என் கை நெஞ்சில் இருந்தால் படுக்கையிலேயே கண் மூடுகிறாள். இரவில் இரண்டு, மூன்று முறை எழுகிறாள், ஒரு தடவை பாலுக்கு. புரண்டு குப்புறத் தூங்குகிறாள், அதைப் பார்த்தால் பயமாக இருக்கிறது.

பகல் தூக்கம்தான் இன்னும் தொட்டிலில். நான் வேலைக்குப் போனதும் பகலில் என் அத்தைதான் பார்த்துக்கொள்வார். தொட்டில் இல்லாமல் தன்னால் முடியாது என்கிறார். பகலில் தொட்டில், இரவில் படுக்கை என்று வைத்தால் குழம்பிப்போவாளா?

வெள்ளைக்குடை (திருச்சி)
நல்ல முன்னேற்றம் கொடி. குப்புற விஷயம்: நீங்கள் போடும்போது மல்லாக்கப் போடுங்கள். தானாக இரு பக்கமும் புரளத் தெரிந்த குழந்தை தானே குப்புறப் போய்விட்டால் ராத்திரி முழுக்க எழுந்து திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. படுக்கை கெட்டியாக, சுற்றிலும் ஒன்றும் இல்லாமல் இருந்தால் போதும்.

பகலில் தொட்டில், இரவில் படுக்கை என்று குழந்தைகள் பிரித்துத் தெரிந்துகொள்வார்கள், குழப்பம் இல்லை. என் கவலை சேலையை எட்டிப் பிடித்து எழும் வயது என்பதுதான். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்து ஆட்டினால், தூங்கியதும் எடுத்துத் தரையில் போட்டால் சரி. ஆட்டிவிட்டு அடுப்படிக்குப் போவது, கதவு மணிக்கு எழுந்து போவது, மொட்டை மாடிக்குத் துணி காயப்போடப் போவது எதுவும் வேண்டாம்.

நெல்லை_ஆச்சி
அத்தையிடம் நீ சொல்லாதே, கொடி. மருமகள் வாய் திறந்தால் அது வேறு மாதிரிப் போகும். உன் வீட்டுக்காரரைச் சொல்லச் சொல்லு. அப்புறம் அந்த ஸ்ப்ரிங் ஸ்டாண்டின் போல்ட்டையெல்லாம் வேலைக்குப் போகுமுன் ஒருதரம் இறுக்கி வை.